அக்னிவீர் மிலிட்டரி போலீஸ் முடித்துவிட்டு எஸ்.ஐ. ஆகலாமா, இல்லை நேராகவே போலீஸுக்குப் போகலாமா? (வேலூர்)

கணியம்பாடிக்காரி

எல்லோருக்கும் வணக்கம். கணியம்பாடி பக்கம் ஒரு கிராமம். இந்த வருஷம்தான் பிளஸ் டூ முடித்தேன், வயது 18, பி.சி. தாத்தா எம்.இ.ஜி.யில் (ஆர்மியின் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) இருந்து ரிடையர் ஆனவர், பெரிய மாமாவும் ஆர்மிதான். எங்களுக்குக் கொஞ்ச தூரத்தில்தான் கம்மவான்பேட்டை. ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளம் போயிருப்பார்கள். ஆனால் அந்த ஒருத்தர் எப்பவும் பையன்தான்.

என் திட்டம் இதுதான். அக்னிவீரில் (நாலு வருஷத்துக்கு மட்டும் ஆர்மியில் ஆள் எடுப்பது) பெண்களுக்கு மிலிட்டரி போலீஸ் எடுக்கிறார்கள் இல்லையா, அதில் சேர்ந்து நாலு வருஷம் முடித்துவிட்டு வந்து தமிழ்நாடு போலீஸில் எஸ்.ஐ. ஆகணும். ஆர்மியில் இருந்து வந்தால் எக்ஸ் சர்வீஸ்மேன் கோட்டா இருக்கு, பாதி வேலை முடிந்த மாதிரி என்று இங்கே ஒரு கோச்சிங் சென்டரில் சொன்னார்கள்.

அம்மா ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனிக்குப் போகிறார்கள். நேராக போலீஸ் எக்ஸாம் எழுது, எதுக்கு ஊர் சுத்தணும் என்கிறார்கள். அதைவிடப் பெரிய கவலை, அந்த நாலு வருஷமும் கல்யாணம் பண்ணக்கூடாது என்று யாரோ அவர்களிடம் சொல்லிவிட்டார்கள். எனக்கு அந்த ரூல்தான் ரொம்பப் பிடித்திருக்கு, அதை வீட்டில் சொல்ல முடியாது.

எது சரி? உள்ளே இருந்தவர்கள் சொன்னால் நல்லா இருக்கும்.

ரிடையர்டு ஹவில்தார்

வாழ்த்துகள்மா. தாத்தா எம்.இ.ஜி. என்றால் நம்ம 'தம்பி'தான். பெங்களூரில் மதராஸ் சாப்பர்ஸை இன்னமும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், வயசாகி வீட்டில் உட்கார்ந்தாலும் தம்பிதான்.

முதலில் மிலிட்டரி போலீஸ் என்றால் என்ன என்று தெரிஞ்சுக்கோ. வெளியில் பார்க்கிற போலீஸ் மாதிரி பப்ளிக்கிடம் கம்ப்ளைன்ட் வாங்கி எஃப்.ஐ.ஆர். போடுகிற வேலை கிடையாது. சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு கன்டோன்மென்ட் கேட்டில் நிற்பது, கான்வாய்க்கு வழி ஒதுக்குவது, சிப்பாய்களின் ஒழுங்கைப் பார்ப்பது, ராணுவத்துக்குள் ஏதாவது குற்றம் நடந்தால் விசாரிப்பது, போர் என்று வந்தால் கைதிகளைக் கையாள்வது, இதெல்லாம்தான். எங்கள் காலத்தில் அவர்களைக் கண்டாலே சட்டை பட்டனைத் தொட்டுப் பார்த்துக்கொள்வோம், ஹெல்மெட் இல்லாமல் ஸ்கூட்டர் எடுத்தவன் யூனிட்டுக்குத் திரும்பிப் போவதற்குள் அவன் பெயர் ஆபீசுக்குப் போயிருக்கும்.

சிப்பாய் மட்டத்தில் ஆர்மியில் பெண்களுக்குத் திறந்திருக்கும் கதவு இது ஒன்றுதான். தாத்தா ரெஜிமென்டுக்கே போகிறேன் என்றால் முடியாது. 2019இல்தான் ஆள் எடுக்க ஆரம்பித்தார்கள், முதல் பேட்ச் 83 பெண்கள், பெங்களூரில் மிலிட்டரி போலீஸின் சி.எம்.பி. சென்டரில் 61 வாரம் பயிற்சி முடித்து 2021 மே மாதம் வெளியே வந்தார்கள். அவர்கள் ரெகுலர் சிப்பாய்கள். அடுத்த வருஷமே அக்னிவீர் எடுக்கும் அக்னிபத் திட்டம் வந்துவிட்டது, இப்போது சேர்கிறவர்கள் எல்லாம் நாலு வருஷக் கணக்கு.

சம்பளம் முதல் வருஷம் மாதம் 30,000, நாலாவது வருஷம் 40,000 வரை போகும். அதில் 30 சதவீதம் பிடித்து, அதே அளவு அரசும் போட்டு, முடிக்கும்போது வட்டியோடு 11.71 லட்சம் ஆகும் என்று திட்டம் வந்தபோது சொன்னார்கள். பென்ஷன், கிராஜுவிட்டி கிடையாது. நூற்றுக்கு 25 பேரைத்தான் மேலும் வைத்துக்கொள்வார்கள். கல்யாணம் பற்றி அம்மா கேள்விப்பட்டது சரிதான், அந்த நாலு வருஷமும் கூடாது.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு போனால் தாராளமாகப் போ. அந்த வயதில் அப்படி ஒரு பயிற்சி வெளியில் எங்கே கிடைக்கும்?

ஏஆர் அக்கா

வேலூர் சரகத்தில் ஆயுதப்படையில் இருக்கிறேன், தலைமைக் காவலர். பெயர் வேண்டாம்.

அண்ணன் மரியாதைக்குச் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். உனக்கு கோச்சிங் சென்டரில் சொன்னது தப்பு. டிஎன்யுஎஸ்ஆர்பி (தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம்) நடத்தும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எக்ஸ் சர்வீஸ்மேனுக்கு 5 சதவீதம் இருப்பது உண்மை. ஆனால் நாலு வருஷம் முடித்து வெளியே வரும் அக்னிவீருக்கு எக்ஸ் சர்வீஸ்மேன் என்ற தகுதியே கிடையாது, திட்டத்தின் விதியே அப்படி. கேன்டீன் கார்டும் இல்லை, ரிடையர் ஆனவர்களுக்கான இசிஹெச்எஸ் ஆஸ்பத்திரி வசதியும் இல்லை. சிஐஎஸ்எஃப், பிஎஸ்எஃப் மாதிரி மத்தியப் படைகளில் முன்னாள் அக்னிவீர்களுக்கு என்று தனியாக இட ஒதுக்கீடு அறிவித்தார்கள், அது வேறு கணக்கு. எஸ்.ஐ. சீட்டுக்கு இது பாதி வேலை முடிந்த மாதிரி என்று சொன்னவர் உன் ஃபீஸை வாங்கத்தான் சொல்லியிருக்கிறார்.

இப்போது வயசுக் கணக்குக்கு வா. நீ 19இல் இரண்டாம் நிலைக் காவலராக வந்தால் 24இல் ஐந்து வருஷ சர்வீஸ். நடுவில் தொலைநிலைக் கல்வியில் ஒரு டிகிரி. எஸ்.ஐ. தேர்வில் டிபார்ட்மென்ட் ஆட்களுக்கே 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது, அதில் உட்காரலாம். இதே நீ ஆர்மி போய்விட்டு வந்தால் 24இல் கையில் பணம் இருக்கும், சர்வீஸ் பூஜ்ஜியம். ஓப்பன் கோட்டாவில் ஊரில் கோச்சிங் படிக்கும் பிள்ளைகளோடு முதலிலிருந்து போட்டி போடணும், அதற்கும் டிகிரி வேண்டும். உன் கிளாஸ்மேட் யாராவது 19இல் சேர்ந்திருந்தால் அவள் உனக்கு சீனியர். யூனிஃபார்ம் வேலையில் சீனியாரிட்டி என்பது சின்ன விஷயம் இல்லை. குவார்ட்டர்ஸ், டிரான்ஸ்ஃபர், தீபாவளிக்கு யாருக்கு லீவு, எல்லாம் அதில்தான் நிற்கும்.

வேலை எப்படி என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் பெரும்பாலும் முதலில் ஆயுதப்படைக்குத்தான் வருவார்கள், ஸ்டேஷன் எல்லாம் பிறகுதான். ஆயுதப்படை என்றால் பந்தோபஸ்து. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை நான் சாமி கும்பிட்டுப் பார்த்ததே இல்லை, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி சிரசு வரும் வழியில் கயிறு பிடித்துத்தான் நின்றிருக்கிறேன். திருவண்ணாமலை தீபத்துக்கு கிரிவலப் பாதையில் போட்டால் மலை மேல் தீபம் ஏற்றும்போது எல்லோரும் மேலே பார்ப்பார்கள், நாம் அவர்களைப் பார்க்கணும். அதைவிடக் கஷ்டம் பாத்ரூம். பந்தோபஸ்து அன்றைக்குக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் நிற்கும் பெண் காவலர்கள் இன்றைக்கும் உண்டு, வெயில் காலத்தில் வேலூரில் தண்ணீர் குடிக்காமல் நின்றால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். 2021இல் வி.ஐ.பி. வரும் வழியில் சாலையோரப் பாதுகாப்புக்குப் பெண்களை நிறுத்த வேண்டாம் என்று ஆர்டர் வந்த பிறகு கொஞ்சம் பரவாயில்லை. பிரசவ விடுப்பு ஒரு வருஷம் இருக்கிறது. முடிந்து திரும்பும்போது அம்மா வீடோ மாமியார் வீடோ இருக்கிற மாவட்டத்தில் மூணு வருஷம் போஸ்டிங் என்று 2024இல் அறிவித்தார்கள். என் பேட்ச் பிள்ளைகளுக்கு அப்போது இது இருந்திருந்தால் சில பேர் வேலையை விட்டிருக்க மாட்டார்கள்.

பாலாறு வறண்டவன்

எதுக்கு இந்தப் பாடெல்லாம். வேலூரில் பிறந்துவிட்டு நர்சிங் படிக்காமல் துப்பாக்கி தூக்கணுமா. நர்சிங் முடித்தால் ஃபாரினே போகலாம்.

ஏஆர் அக்கா

பாலாறு தம்பி, நர்சிங் படித்தாலும் ராணுவம் போகலாம். மிலிட்டரி நர்சிங் சர்வீஸ் என்று ஒன்று இருக்கிறது, சேரும்போதே லெப்டினன்ட். நம்ம ஹவில்தார் அண்ணனே சல்யூட் அடிக்கணும். தெரிந்தால் சொல்லுங்கள், இல்லை என்றால் அடுத்த திரிக்குப் போங்கள்.

ரிடையர்டு ஹவில்தார்

அடித்திருக்கிறேன் தங்கச்சி. ஒன்றல்ல, பல தடவை. ஊசி போட வந்த மேடத்துக்குப் படுத்துக்கொண்டே அடித்ததும் உண்டு.

எக்ஸ் சர்வீஸ்மேன் விஷயம் நீ சொன்னது சரிதான், அதில் நான் மறுப்பதற்கில்லை. ஆனால் சீனியாரிட்டியை மட்டும் பார்த்து 18 வயசுப் பிள்ளைக்கு முடிவு சொல்லாதே. இங்கே போலீஸ் வேலை என்றால் சர்வீஸ் முழுக்க வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை என்று இந்த வட்டத்துக்குள்தான். அவள் வெளியே போய் நாலு ஊர் பார்க்கட்டுமே, நாலு பாஷை காதில் விழட்டுமே. நான் முதல் தடவை காட்பாடி ஸ்டேஷனில் டிரெங்கு பெட்டியோடு ரயில் ஏறினபோது எனக்கு ஜோலார்பேட்டைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு என்றே தெரியாது.

தக்கோலம்_பாஸ்அவுட்

மூன்றாவது வழியை யாருமே சொல்லவில்லை. எஸ்எஸ்சி ஜிடி. அதாவது சிஐஎஸ்எஃப், சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப் என்று மத்தியப் படைகள் எல்லாவற்றுக்கும் ஒரே கான்ஸ்டபிள் தேர்வு, பத்தாவது போதும், 18 முதல் 23 வயது, ஓபிசி என்றால் மேலே மூன்று வருஷம். 2024இல் இருந்து தமிழிலேயே எழுதலாம். முன்னாடி இந்தி இல்லை இங்கிலீஷ் என்று இருந்தபோது நம்ம பக்கத்துப் பிள்ளைகள் கேள்வி புரியாமலே எழுதிவிட்டு வந்தார்கள். அந்தக் கஷ்டம் இப்போது இல்லை.

நாலு வருஷம் என்ற கதையே கிடையாது, ஓய்வு வயது வரை வேலை. ஹவில்தார் அண்ணன் சொன்ன நாலு ஊரும் கிடைக்கும், ஏஆர் அக்கா சொன்ன சீனியாரிட்டியும் கிடைக்கும். நான் சிஐஎஸ்எஃப், தற்சமயம் ஒரு ஏர்போர்ட்டில் டியூட்டி. பெண் பயணிகளைச் சோதனை போடப் பெண்தான் வேண்டும் என்பதால் ஆள் தேவை எப்பவும் இருந்துகொண்டே இருக்கும். 2024இல் பெண்களுக்கு என்றே ஒரு பட்டாலியனுக்கும் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். சிஆர்பிஎஃப் அந்த விஷயத்தில் ரொம்ப சீனியர், அவர்களுடைய மகளிர் பட்டாலியன் 1986லேயே வந்துவிட்டது. 2007இல் ஐ.நா. சார்பில் லைபீரியாவுக்குப் போன பெண்கள் போலீஸ் யூனிட்டும் இந்தியாவிலிருந்து போனதுதான்.

சிஐஎஸ்எஃப் பயிற்சி மையம் ஒன்று நம்ம வடார்க்காட்டிலேயே அரக்கோணம் பக்கம் தக்கோலத்தில் இருக்கிறது. 2025 மார்ச்சில் அதற்கு ராஜாதித்த சோழன் பெயரை வைத்தார்கள், 949இல் அதே தக்கோலப் போரில் யானை மேலிருந்தபடி செத்த இளவரசன். போரில் தோற்றவர் பெயரை ஏன் டிரெயினிங் சென்டருக்கு வைத்தார்கள் என்று என் அப்பா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். உனக்கு அந்த மையமே கிடைக்கும் என்று சொல்ல முடியாது, நாட்டில் எங்கே வேண்டுமானாலும் போடுவார்கள்.

அது இருக்கட்டும். தங்கச்சி, உன் உயரம் என்ன?

கணியம்பாடிக்காரி

159.5 அக்கா. போன மாதம் ஸ்கூலில் பி.டி. மேடம் அளந்தது. ஏன்?

தக்கோலம்_பாஸ்அவுட்

அப்போ இவ்வளவு நேரம் பேசினதில் பாதி வீண். மிலிட்டரி போலீஸ் அக்னிவீருக்கு 162 செ.மீ. வேண்டும். தமிழ்நாடு போலீஸுக்கு பி.சி., எம்.பி.சி. பெண்கள் 159, எஸ்.சி., எஸ்.டி. 157. எஸ்எஸ்சி ஜிடிக்கு 157.

ரிடையர்டு ஹவில்தார்

அடடா. அதை முதலில் கேட்டிருக்கணும். 18 வயசுதானே, இன்னும் கொஞ்சம் வளர மாட்டாளா?

ஏஆர் அக்கா

அண்ணா, பொம்பளைப் பிள்ளைகள் 18க்கு மேல் இரண்டரை சென்டிமீட்டர் வளர்வார்கள் என்று நம்பி ஒரு வருஷத்தை வீணாக்கச் சொல்லாதீர்கள். இங்கே உயரம் கூடும் என்று பவுடர் விற்கிறவன் ஒருத்தன், கம்பியில் தொங்க விடுகிறவன் ஒருத்தன். தொங்கினால் தோள்பட்டைதான் வலிக்கும்.

பாப்பா, 159.5 என்பது நம்ம தேர்வுக்கே விளிம்புதான். அதனால் இதை கவனமாகக் கேள். அளக்கும்போது வெறுங்கால், முதுகையும் குதிகாலையும் பலகையில் ஒட்டி நிற்கணும். கொண்டையை உச்சியில் போட்டுக்கொண்டு போகாதே, அவிழ்க்கச் சொல்வார்கள், அந்தப் பதற்றத்தில் கூனிக்கொண்டு நிற்பாய். பின்னல் போட்டுக் கீழே விட்டுவிடு. காலையில் எழுந்ததும் இருக்கும் உயரம் சாயங்காலம் இருக்காது, அரை சென்டிமீட்டருக்கு மேலேயே குறையும். அதனால் முந்தின நாள் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் இறங்காதே, நல்லாத் தூங்கு. அளந்தது தப்பு என்று தோன்றினால் அங்கேயே கையைத் தூக்கி மறுபடி அளக்கச் சொல்லிக் கேள். வீட்டுக்கு வந்து அழுதால் யாரும் எதுவும் செய்ய முடியாது.

கணியம்பாடிக்காரி

ரெண்டரை சென்டிமீட்டர்... காலையிலிருந்து இதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். தாத்தாவிடம் சொன்னேன். அவர் ரேஷன் கார்டு மாதிரி எல்லாத்துக்கும் ஒரு அளவு வைத்திருக்கிறான் என்று திட்டினார். அப்போ எனக்கு ஆர்மியே கிடையாதா?

ஓடிஏ_பழைய_மாணவி

இருக்கு. இப்போதுதான் நீ சரியான கேள்வி கேட்கிறாய்.

சிப்பாயாகப் போக 162 கேட்கும் அதே ஆர்மியில் ஆபீசராகப் போக பெண்களுக்கு 152 செ.மீ. போதும். எனக்கு 155தான். பரங்கிமலை ஓடிஏவில் (ஆபீசர் பயிற்சி அகாடமி) 49 வாரம் பயிற்சி எடுத்து, ஷார்ட் சர்வீஸ் கமிஷனில் (குறிப்பிட்ட வருஷத்துக்கு மட்டும் ஆபீசர் வேலை) இருந்து கேப்டனாக வெளியே வந்தேன். சொந்த ஊர் ஆரணி.

உனக்கு வேண்டியது முதலில் ஒரு டிகிரி. எந்த டிகிரியாக இருந்தாலும் சரி. காலேஜில் சேர்ந்த முதல் வாரமே என்சிசியில் பெயர் கொடு. என்சிசி இருக்கிற காலேஜாகப் பார்த்துச் சேர், அட்மிஷனுக்கு முன்னாடியே விசாரித்துவிடு. 'சி' சர்டிபிகேட்டில் 'பி' கிரேடாவது வாங்கி, டிகிரியில் 50 சதவீதமும் இருந்தால் என்சிசி ஸ்பெஷல் என்ட்ரியில் எழுத்துத் தேர்வே கிடையாது, நேராக எஸ்எஸ்பி (ஆபீசர் தேர்வுக் குழு) இன்டர்வியூ. இல்லையா, யுபிஎஸ்சி நடத்தும் சிடிஎஸ் எழுத்துத் தேர்வை எழுது. வயது 25க்குள். எஸ்எஸ்பி ஐந்து நாள் நடக்கும், இங்கிலீஷில் பேசணும். நம்ம பிள்ளைகள் விழுவது அங்கேதான், ஓட்டத்தில் இல்லை. குரூப் டிஸ்கஷனில் வாயைத் திறக்கும் பழக்கம் இன்றைக்கிருந்தே வரட்டும், கிராமரைப் பற்றிக் கவலைப்படாதே. கமிஷன் கிடைத்தால் அடிப்படைச் சம்பளமே 56,100. பத்து வருஷம், வேண்டுமானால் 14 வரை நீட்டலாம். 2020 பிப்ரவரி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு பர்மனென்ட் கமிஷனுக்கும் பெண்களைப் பரிசீலிக்கிறார்கள்.

முக்கியமானது என்னவென்றால், ஷார்ட் சர்வீஸ் ஆபீசராக இருந்து முறையாக முடித்து வந்தால் நீ எக்ஸ் சர்வீஸ்மேன்தான். கோச்சிங் சென்டர்காரர் அக்னிவீருக்குச் சொன்ன அந்தத் தகுதி உண்மையில் இங்கேதான் கிடைக்கும். ஐந்து வருஷ சர்வீஸ் இருந்தால் யுபிஎஸ்சியில் வயதுத் தளர்வு ஐந்து வருஷம் கிடைக்கும், ஐபிஎஸ் வரை யோசிக்கலாம். ஆனால் ஒன்று, ராணுவத்தைப் போலீஸுக்கு ஏறும் படிக்கட்டாக நினைத்துக்கொண்டு வராதே. என்னோடு இருந்தவர்களில் மனசை வேறெங்கேயோ வைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு லே, சிக்கிம் போஸ்டிங் எல்லாம் நரகமாக இருந்தது. பிடித்து வந்தவர்களுக்கும் குளிர் அதே குளிர்தான், ஆனால் புலம்பல் இல்லை.

ஏஆர் அக்கா

மேடம் சொல்வது நல்ல வழி, அதை மறுக்கவில்லை. ஆனால் மூணு வருஷம் காலேஜ், அப்புறம் எஸ்எஸ்பி. ஐந்து நாள் உட்கார்ந்தவர்களில் எடுப்பது கொஞ்சம் பேரைத்தான். அந்தக் குடும்பத்தில் அம்மா ஷூ கம்பெனிக்குப் போகிறார்கள், அதையும் பார்க்கணும் இல்லையா.

ஓடிஏ_பழைய_மாணவி

பார்க்கணும்தான். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே செய்யச் சொல்கிறேன். காலேஜ் போய்க்கொண்டே கான்ஸ்டபிள் தேர்வும் எஸ்எஸ்சி ஜிடியும் எழுதட்டும். எது முதலில் கிடைக்கிறதோ அப்போது வீட்டு நிலைமையைப் பார்த்து முடிவு பண்ணலாம். என்சிசி சர்டிபிகேட் இருந்தால் போலீஸ் தேர்விலும் தனி மார்க் உண்டு, வீணாகாது.

வடார்க்காடு_வாசி

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்விலேயே சிறைக் காவலர் பணியிடமும் சேர்ந்துதான் வரும். பெண்களும் போகலாம். நம்ம தொரப்பாடியிலேயே பெண்கள் தனிச் சிறை இருக்கிறது, சிறை அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் அகாடமியும் அங்கேதான். சட்டம் ஒழுங்கு பந்தோபஸ்து இல்லாமல் யூனிஃபார்ம் வேலை வேண்டும் என்பவர்கள் யாரும் அந்தப் பக்கம் யோசிப்பதே இல்லை. விருப்பம் கேட்கும்போது கவனமாகப் பார்த்துப் போடுங்கள்.

கணியம்பாடிக்காரி

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி அம்மாவிடம் முழுசாகப் படித்துக் காட்டினேன். அக்னிவீர் இல்லை என்றதும் அவங்க முகத்தில் சந்தோஷம் தெரிந்தது, கேப்டன் மேடம் எழுதினதைப் படித்ததும் அது போய்விட்டது. ஆனாலும் காலேஜ் போகச் சம்மதம். என்சிசி இருக்கிற காலேஜ்தான் என்று சொல்லிவிட்டேன். கான்ஸ்டபிள், எஸ்எஸ்சி ஜிடி ரெண்டும் எழுதப் போகிறேன்.

ஏஆர் அக்கா, ஒரு சந்தேகம். ஓட்டம் எங்கே பழகுவது? எங்க ஊரில் ஏரிக்கரையில் ஓடினால் எல்லோரும் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். கோட்டை மைதானத்துக்குப் பொண்ணுங்க வருவாங்களா? எதை எவ்வளவு பழகணும்?

ஏஆர் அக்கா

வருவாங்க. காலையில் வெளிச்சம் வருவதற்குள் வந்துவிட்டால் நிறையப் பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள், பாதிப் பேர் உன்னை மாதிரி எக்ஸாமுக்குத்தான். அங்கே யாரும் வேடிக்கை பார்க்க மாட்டார்கள், அவரவருக்கு மூச்சு வாங்குவதே பெரிய வேலை. கோட்டைக்குள்தான் காவலர் பயிற்சிப் பள்ளியும் இருக்கிறது. வேலூரில் தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று ஆரம்பிக்கும் பழைய கிண்டலில் அதிகாரம் இல்லாத போலீஸ் என்று ஒன்று வருமே, அது அந்த டிரெயினிங் பிள்ளைகளைப் பார்த்துச் சொன்னதுதான். தாத்தாவைக் கேள், முழுசாகச் சொல்வார்.

நம்ம தேர்வில் 400 மீட்டர் இரண்டரை நிமிஷத்துக்குள் முடிக்கணும், அது தகுதி மட்டும்தான், சுலபம். எஸ்எஸ்சி ஜிடியில் 1.6 கிலோமீட்டர் எட்டரை நிமிஷம். அதனால் 1.6 கிலோமீட்டரை ஏழரை நிமிஷத்துக்குக் கொண்டு வா, இரண்டு தேர்வின் தகுதி ஓட்டமும் அதில் அடங்கிவிடும். நம்ம தேர்வில் மார்க் இருப்பது நீளம் தாண்டுதல், எறிதல், 100 அல்லது 200 மீட்டர் ஓட்டம், இந்த மூன்றிலும்தான். நீளம் தாண்டுதலில் 3 மீட்டருக்கு ஒரு ஸ்டார், 3.75க்கு இரண்டு ஸ்டார். பொண்ணுங்க ஓட்டத்தையே பழகிவிட்டு தாண்டுதலில் கோட்டை விடுவார்கள். மணல் குழி இருக்கிற இடமாகப் பார்த்துப் பழகு, தார் ரோட்டில் தாண்டினால் முட்டி போய்விடும். கிரிக்கெட் பந்தா, குண்டா என்று எறிதலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். உன் கை வாகு எது என்று இப்போதே பார்த்து ஒன்றை மட்டும் பழகு.

அப்புறம் ஒண்ணாவதிலிருந்து பத்தாவது வரை தமிழ் மீடியமா? ஆமாம் என்றால் பிஎஸ்டிஎம் (தமிழ் வழியில் படித்தவர்) சான்று வாங்கு, 20 சதவீதம் முன்னுரிமை அதில் இருக்கிறது. எஸ்எஸ்சிக்கு நம்ம சாதிச் சான்று செல்லாது, மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்று தனியாக வேண்டும், இ-சேவையில் போட்டால் தாசில்தார் ஆபீஸில் இருந்து வரும். அப்ளிகேஷன் வந்த பிறகு ஓடினால் சர்வர் வேலை செய்யாது. திங்கட்கிழமையே ஸ்கூலுக்குப் போய் ஹெச்.எம்.மைப் பார்த்துவிடு.

கணியம்பாடிக்காரி

தமிழ் மீடியம்தான் அக்கா. திங்கட்கிழமை போகிறேன். குண்டு தாத்தாவே வாங்கித் தருகிறாராம்.

ரிடையர்டு ஹவில்தார்

நாலு கிலோ குண்டு என்று பார்த்து வாங்கச் சொல்லுமா. தம்பிகளுக்கு எடை எல்லாம் ஞாபகம் இருக்காது, ஆம்பளைங்க போடுற ஏழே கால் கிலோவை வாங்கிவந்து நிற்பார்.